ராஃபிள்ஸுக்கும் லீ குவான் யூவுக்கும் நடுவே: சிங்கப்பூர் பற்றி ஒரு கேள்வியும் என் குறிப்புகளும்

பிப்ரவரி 4, 2024, ஒரு வாசகரின் கேள்வி

“சிங்கப்பூர் 1819 வரை ஒன்றுமில்லாத மீன்பிடிக் குப்பம். ராஃபிள்ஸ் வந்து துறைமுகமாக்கினார். 1965இல் சுதந்திரம் கிடைத்ததும் லீ குவான் யூ அதைப் பணக்கார நாடாக்கினார். இந்த இரண்டு பேருக்கும் நடுவில் சொல்லிக்கொள்ளும்படி என்னதான் நடந்தது?”

பிப்ரவரி 4, இரவு

நடுவில் 146 வருஷம் நடந்தது. அதில் கடைசி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் என் தாத்தா, அம்மாவைப் பெற்றவர், தஞ்சோங் பகார் துறைமுகத்தில் மூட்டை சுமந்தார். அதனால் இந்தக் கேள்வியைப் படித்துவிட்டுச் சும்மா போக முடியவில்லை. நானும் ஒன்பது வருஷம் அங்கே ஒரு கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில், அதாவது லிட்டில் இந்தியாவில், சாப்பிட்டுவிட்டு பஸ் பிடித்து ஆற்றங்கரைக்கோ தெலுக் ஆயர் தெருவுக்கோ போய்விடுவேன். தாத்தா நடந்த இடம் எது எது என்று தேடுவேன்.

முதலில் அந்தக் குப்பம். 1819 ஜனவரி கடைசியில் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரி ராஃபிள்ஸ் ஆற்றுவாயில் இறங்கியபோது தீவில் ஏறக்குறைய ஆயிரம் பேர் இருந்தார்கள். பெரும்பாலும் படகிலேயே பிறந்து படகிலேயே வாழ்ந்த ஓராங் லாவுட் மக்கள். தீவின் மலாய்த் தலைவர் தெமெங்கோங் அப்துல் ரஹ்மானின் ஆட்கள் கொஞ்சம், குன்றுகளில் தோல் பதனிட உதவும் காம்பியர் பயிரிட்ட சீனர்கள் கொஞ்சம். ஆள் குறைவுதான். ஆனால் அதற்கு ஐந்நூறு வருஷம் முன்னால் அதே ஆற்றுவாயில் தெமாசெக் என்ற துறை நடந்துகொண்டிருந்தது. ஃபோர்ட் கானிங் குன்றில் 1984இல் அகழாய்வு செய்தபோது 14ஆம் நூற்றாண்டுப் பீங்கான் துண்டுகள் மண்ணுக்குள்ளிருந்து வந்தன. ஓய்ந்து கிடந்த ஒரு பழைய துறையில்தான் ராஃபிள்ஸ் கால் வைத்தார்.

பிப்ரவரி 6 அன்று ஒப்பந்தம் போட்டு அவர் தீவை வாங்கிவிட்டார். ஜொகூர் சுல்தான் ஹுசேனுக்கு வருஷம் 5,000 ஸ்பானிய வெள்ளி, தெமெங்கோங்குக்கு 3,000.

இன்னொன்று. ராஃபிள்ஸ் மொத்தம் மூன்று முறைதான் அங்கே வந்தார். மூன்றையும் கூட்டினாலும் ஒரு வருஷம் வராது. நாலு வருஷம் உட்கார்ந்து ஊரை நடத்தியவர் ஃபார்குவார். அவருக்குப் பின் கிராஃபர்டு.

என் தாத்தா 1939இல் போனார். போனவர் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை, ஆனால் நாலு நாட்டுக்குக் குடிமகனாக இருந்தார். அதைப் பிறகு எழுதுகிறேன்.

பிப்ரவரி 5

ஒரு திருத்தம். “1819இல் வாங்கிவிட்டார்” என்று எழுதியது தவறு. அந்த ஒப்பந்தம் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வணிகத் தலம் வைத்துக்கொள்ள அனுமதி, அவ்வளவுதான். டச்சுக்காரர்கள் அதையே ஒப்புக்கொள்ளவில்லை. 1824 மார்ச்சில் லண்டனில் பிரிட்டிஷும் டச்சும் உட்கார்ந்து, மலாக்கா நீரிணைக்கு வடக்கே பிரிட்டிஷுக்கு, தெற்கே டச்சுக்கு என்று பிரித்துக்கொண்டார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் கிராஃபர்டு போட்ட ஒப்பந்தத்தில்தான் தீவு முழுசாகக் கைமாறியது.

இது சின்னத் திருத்தம் இல்லை. ரியாவு தீவுகளும் சிங்கப்பூரும் அதுவரை ஒரே சுல்தானகம். நீரிணையில் கோடு கிழித்ததும் மாமன் மச்சான் இரண்டு சாம்ராஜ்யத்துக்குப் பிரஜைகள் ஆகிவிட்டார்கள். தாங்கள் இருந்த இடத்திலேயே இருக்க, நாடு மட்டும் மாறிப்போவது அந்தத் தீவில் அன்றே தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 5, மாலை

ராஜேந்திர சோழன்தான் சிங்கப்பூரைக் கட்டினான் என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தம்பி, ஆசை எனக்கும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலில் அவன் வென்ற ஊர்களைச் சொல்லும் மெய்க்கீர்த்திக் கல்வெட்டு இருக்கிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், மாநக்கவாரம், கடாரம் என்று பட்டியல் போகிறது. தெமாசெக் என்ற பெயரோ சிங்கபுரம் என்ற பெயரோ அதில் இல்லை.

ஆற்றுவாயில் ஒரு பெரிய பாறை இருந்தது, ஐம்பது வரி எழுத்தோடு. 1843இல் கட்டுமானத்துக்கு இடம் வேண்டும் என்று வெடி வைத்து உடைத்துவிட்டார்கள். மிச்சத் துண்டு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பல ஞாயிற்றுக்கிழமை பார்த்திருக்கிறேன். அதில் ‘கேசரிவ’ என்று ஒரு துணுக்கு படிக்கக் கிடைக்கிறது, பரகேசரிவர்மன் என்ற சோழப் பட்டமாக இருக்கலாம் என்று சில வருஷம் முன் ஓர் ஆய்வாளர் சொன்னார். அது ஒரு யூகம். யாரும் முழுசாகப் படிக்க முடியாத கல்லை நம் பக்கம் இழுக்க வேண்டாம். நம் ஆட்கள் அங்கே இருந்ததற்குப் படிக்கக்கூடிய சாட்சிகளே நிறைய இருக்கின்றன.

பிப்ரவரி 7

அந்தச் சாட்சிகளைச் சொல்கிறேன்.

1819 மே மாதம் ராஃபிள்ஸ் இரண்டாம் முறை வந்தபோது பினாங்கிலிருந்து அவரோடு ‘இந்தியானா’ கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை. ஊரில் வீடு கட்ட ஆட்கள் குவிகிறார்கள், செங்கல் இல்லை என்று பார்த்தார். பினாங்குக்கு எழுதி ஆட்களை வரவழைத்துச் சூளை போட்டார். தீவின் முதல் செங்கல் சூளை. அதை எங்கே போட்டார் தெரியுமா? தஞ்சோங் பகாரில். என் தாத்தா மூட்டை தூக்கிய அதே தஞ்சோங் பகார். பிறகு துணிக்கடை வைத்தார், 1822இல் தீயில் போனது, கடனாளி ஆனார், மறுபடி எழுந்தார். சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயில் அவர் தொடங்கியது. 1827இல் மரமும் அத்தாப்பு ஓலையுமாக நின்ற கோயில் அது.

தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா இருக்கிறது. 1828க்கும் 1830க்கும் இடையில் கட்டினார்கள். நாகை, நாகூர்ப் பக்கத்திலிருந்து வந்த சூலியா முஸ்லிம்கள், கடல் கடந்து பத்திரமாக வந்துசேர்ந்ததற்கு நன்றியாக சாகுல் ஹமீது ஆண்டவர் பெயரில் எழுப்பியது. கொஞ்சம் தள்ளி அதே தெருவில் சீன மாலுமிகள் கடல் தேவதைக்குக் கட்டிய தியான் ஹாக் கெங் கோயில். இரண்டும் ஒரே திசை பார்த்து நிற்கின்றன, ஏனென்றால் அன்றைக்கு அந்தத் தெருதான் கடற்கரை. தெலுக் என்றால் மலாயில் குடா. இன்று அங்கே நின்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் கண்ணாடிக் கட்டடம். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் கடலைத் தூர்த்துவிட்டார்கள். முதல் முறை போனபோது கடலைத் தேடித் தேடி அரை மணி நேரம் அலைந்தேன். அலை வாசல்படி வரைக்கும் வந்த தர்கா, இப்போது கரைக்கு வெகுதூரம் உள்ளே இருக்கிறது.

ஆற்றில் கப்பலுக்கும் கரைக்கும் நடுவே சரக்கு ஏற்றியிறக்கிய தொங்கான் படகுகளில் முதல் சில பத்தாண்டுகள் சூலியாக்கள் கைதான் ஓங்கியிருந்தது. சீனர்கள் வந்தது பிறகு. 1824இல் எடுத்த முதல் கணக்கெடுப்பில் மொத்தம் 10,683 பேர், அதில் இந்தியர் 756 பேர். ஆயிரம் பேர் இருந்த தீவு ஐந்தே வருஷத்தில் பத்தாயிரம் தாண்டியது. சுங்கவரி கிடையாது என்று அறிவித்ததுதான் அதற்குப் பெரிய காரணம்.

பிப்ரவரி 7, பின்னிரவு

சுங்கவரி இல்லாமல் சர்க்கார் எப்படி நடந்தது என்று கேட்டிருந்தார் ஓர் அக்கா. இதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. அபின். சாராயம், சூதாட்டம், அபின் ஆகியவற்றைக் குத்தகைக்கு விட்டார்கள். அதில் அபின்தான் பெரிய வரவு. பல வருஷம் சர்க்கார் வருமானத்தில் பாதியளவு அதிலிருந்தே வந்தது. அபின் விளைந்தது பிகாரிலும் காசிப் பக்கத்திலும், நம் விவசாயியின் வயலில். அதைப் புகைத்தது பெரும்பாலும் சீனக் கூலி. பகல் முழுக்க மூட்டை சுமந்து, உடம்பு வலி தெரியாமல் இருக்க இரவில் புகைத்தான். அவன் காலையில் வாங்கிய கூலி மாலையில் சர்க்கார் கஜானாவுக்குத் திரும்பிவிட்டது. “வரியில்லாத் துறைமுகம்” என்று பெருமையாகச் சொல்லும்போது, அந்த வரியைத் தன் நுரையீரலால் கட்டியவர்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிப்ரவரி 10

தாத்தா விஷயத்தில் எனக்கு ஒரு குட்டு விழுந்திருக்கிறது. 1938 ஜூனில் உடலுழைப்பு வேலைக்கு மலாயா போவதை இந்திய சர்க்கார் தடுத்துவிட்டதே, உங்கள் தாத்தா 1939இல் எப்படி மூட்டை தூக்கப் போயிருப்பார் என்று ஒருவர் கேட்டிருந்தார். சரியான கேள்வி. வீட்டில் எல்லோரும் 1939 என்றே சொல்வார்கள், நானும் அதையே சொல்லி வளர்ந்தேன்.

அம்மாவிடம் கேட்டேன். வேதாரண்யம் பக்கத்து வீட்டில் தாத்தாவின் தகரப் பெட்டி இன்னும் இருக்கிறது. அதிலிருந்து அம்மா ஒரு கடிதத்தைப் படித்துக் காட்டினார். தாத்தா தன் அண்ணனுக்கு எழுதியது, மாசி மாதம், 1937. “நாகப்பட்டணத்தில் கப்பல் ஏறி வந்துசேர்ந்தேன், தீவில் நிறுத்திவைத்துக் குளிப்பாட்டி அனுப்பினார்கள், சுகம்” என்று இருக்கிறது. தீவு என்றது செயின்ட் ஜான் தீவு. டெக்கில் வந்தவர்களை நோய்த் தடுப்புக்காக அங்கேதான் நிறுத்துவார்கள். 1874இலிருந்து நடந்த ஏற்பாடு.

ஆக 1937. குடும்பக் கதையில் இரண்டு வருஷம் பிசகு.

பிப்ரவரி 11

கைதிகளைப் பற்றி எழுத மறந்தேன். 1825 ஏப்ரலில் சுமத்ராவின் பென்கூலனிலிருந்து சென்னை மாகாணக் கைதிகள் 80 பேரைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தார்கள். அதன் பின்னாலேயே வங்காளக் கைதிகள். சாலை போட்டது, சதுப்பைத் தூர்த்தது, செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் கட்டியது, இன்றைக்கு அதிபர் மாளிகையாக இருக்கிற அன்றைய கவர்னர் மாளிகை கட்டியது, எல்லாம் அந்தக் கைகள். 1873 வரை இந்த ஏற்பாடு நடந்தது. விடுதலையானவர்களில் பலர் அங்கேயே பால் மாடு, வண்டி மாடு என்று தங்கிவிட்டார்கள்.

பேராலயத்தின் உள்சுவருக்குப் பூசியது சென்னைச் சுண்ணாம்பு. கிளிஞ்சல் சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கருவும் கட்டிச் சர்க்கரையும் சேர்த்து இடித்து, தேங்காய் மட்டை ஊறிய தண்ணீர் விட்டுக் குழைத்து, பூசிக் காய்ந்த பிறகு கல்லால் தேய்த்துப் பளபளப்பாக்குவார்கள். செட்டிநாட்டு வீடுகளில் சுவரைத் தொட்டுப் பார்த்தவர்களுக்கு அந்த வழவழப்பு தெரியும். நானும் பேராலயத்துக்குள் போய்க் கையை வைத்தேன். காவலாளி பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

பிப்ரவரி 14

1869இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் பாய்மரம் போய் நீராவிக் கப்பல் வந்தது. ஆற்றுவாய் போதவில்லை. கப்பல்கள் மேற்கே ஆழமான துறைக்கு நகர்ந்தன. 1864இல் தொடங்கிய தஞ்சோங் பகார் டாக் கம்பெனியை 1905இல் சர்க்கார் எடுத்துக்கொண்டது. 1913இல் துறைமுக வாரியம் வந்தது. கரி, ரப்பர், தகரம். தகரம் பேராக்கிலிருந்து, ரப்பர் மலாயாத் தோட்டங்களிலிருந்து. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியது தமிழர், மூட்டையாகக் கப்பலில் ஏற்றியதிலும் தமிழர். சின்னத் தாத்தா ஜொகூரில் ஒரு தோட்டத்தில் இருந்தார், தாத்தா துறைமுகத்தில். தம்பி வெட்டிய பால் அண்ணன் தோளுக்கு வந்திருக்கும் என்று அம்மா சொல்வார். இருக்கலாம்.

வட்டிக்கடை நடத்திய செட்டியார்கள் மார்க்கெட் தெருவில் கிட்டங்கிகளில் இருந்தார்கள். ஒரே நீளக் கூடத்தில் வரிசையாக மேசைப் பெட்டி, ஒவ்வொரு பெட்டியும் ஒரு கடை. டேங்க் சாலை தண்டாயுதபாணி கோயில் அவர்கள் 1859இல் எழுப்பியது. கிட்டங்கிகளை 1970களில் இடித்துவிட்டார்கள். இதற்கு மேல் செட்டியார்களைப் பற்றி எழுத என்னைவிடத் தெரிந்தவர்கள் இங்கே இருப்பார்கள்.

பிப்ரவரி 15

இன்று பிப்ரவரி 15. சிங்கப்பூர் விழுந்த நாள். 1942இல் புக்கிட் தீமா ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமஷிதா முன்னால் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார். பீரங்கிகள் எல்லாம் கடல் பக்கம் திருப்பியிருந்ததால் தோற்றார்கள் என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். பல பீரங்கிகள் திரும்பக்கூடியவைதான், சிலதைத் திருப்பிச் சுடவும் செய்தார்கள். ஆனால் குண்டுகள் பெரும்பாலும் கப்பலைத் துளைக்கச் செய்தவை, காட்டில் வரும் காலாட்படைக்கு அவை உதவவில்லை.

எனக்குச் சொல்ல வேண்டியது அதற்கு இரண்டு நாள் கழித்து நடந்தது. பிப்ரவரி 17 அன்று ஃபேரர் பூங்காவில் இந்தியச் சிப்பாய்களைத் தனியாகப் பிரித்து நிறுத்தினார்கள், சுமார் 45,000 பேர். பிரிட்டிஷ் அதிகாரி அவர்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். இவ்வளவு நாள் “எங்கள் படை” என்று சொன்னவர் ஒரு பேப்பரைப் படித்துவிட்டுக் கைகழுவினார். அங்கே நின்றவர்கள் மனசில் என்ன உடைந்திருக்கும் என்று அந்தப் பூங்காவில் உட்கார்ந்து யோசித்திருக்கிறேன். நான் இருந்தபோது அங்கே பையன்கள் பந்து விளையாடினார்கள்.

தாத்தா ஜப்பான்காரன் காலத்தைப் பற்றி அதிகம் பேச மாட்டார். வாழைமர நோட்டு (ஜப்பான்காரன் அச்சடித்த பணம்), மரவள்ளிக் கிழங்கு, இந்த இரண்டு வார்த்தை மட்டும் அவர் வாயிலிருந்து அடிக்கடி வரும். கிழங்கை அதன் பிறகு அவர் தொட்டதே இல்லை. பாட்டி அவித்துவைத்தால் எழுந்து திண்ணைக்குப் போய்விடுவார்.

சின்னத் தாத்தாவைத் தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். திரும்பி வரவில்லை. 415 கிலோமீட்டர் பாதை, 1943 அக்டோபரில் முடித்தார்கள். ஆசியத் தொழிலாளர் 90,000 பேர் வரை செத்தார்கள் என்பது பொதுவாகச் சொல்லும் கணக்கு, அதில் தமிழர் பெருங்கூட்டம். வெள்ளைக்காரக் கைதிகளுக்குக் கல்லறை வரிசையாக இருக்கிறது, ஆளுக்கொரு பெயரோடு. சின்னத் தாத்தாவுக்கு எங்கள் வீட்டில் ஆடி அமாவாசை மட்டும்தான்.

பிப்ரவரி 16

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு, ஜப்பான்காரன் கூட இருந்த நேதாஜியைப் பற்றி ஏன் எழுதவில்லை என்று கேட்டிருக்கிறார்கள். எழுதக் கை தயங்கியதுதான் காரணம். 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்தார். அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் ஆசாத் இந்து அரசை அறிவித்தார். அதே மாதம்தான் சயாம் பாதையும் முடிந்தது. எங்கள் குடும்பத்தில் ஒரு தம்பி அந்தப் பாதையில் போனான், ஓர் அண்ணன் பாடாங் திடலில் நின்று நேதாஜியின் பேச்சைக் கேட்டான். தாத்தாவிடம், நேதாஜி தலைமையேற்ற இந்திய சுதந்திர லீக்கின் உறுப்பினர் அட்டை இருந்ததாம். அட்டை இருந்தால் ஜப்பான்காரன் அடிக்க மாட்டான் என்பதற்காக வாங்கினாரா, நெஞ்சார வாங்கினாரா என்று அம்மாவுக்கும் தெரியாது. இரண்டும் இருந்திருக்கும் என்றே நான் எடுத்துக்கொள்கிறேன். ராணி ஜான்சிப் படையில் சேர்ந்த தோட்டத்துப் பெண்களைப் பற்றிப் பேசினால் மட்டும் அவர் குரல் மாறிவிடும் என்று அம்மா சொன்னார்.

கடற்கரையில் எழுப்பிய ஐ.என்.ஏ. (இந்திய தேசிய ராணுவம்) நினைவுச் சின்னத்தை 1945இல் பிரிட்டிஷார் திரும்பி வந்ததும் வெடிவைத்துத் தகர்த்தார்கள். 1995இல் அந்த இடத்தில் ஒரு குறிப்புக் கல் வைத்தார்கள்.

பிப்ரவரி 20

இப்போது நாலு நாட்டுக் கதை.

1946இல் சிங்கப்பூரை மலாயாவிலிருந்து பிரித்துத் தனிக் காலனி ஆக்கினார்கள். 1948இல் எல்லோருக்கும் அடையாள அட்டை. 1955 தேர்தலில் டேவிட் மார்ஷல் முதலமைச்சர். அதே வருஷம் துறைமுக ஊழியர் சங்கம் 67 நாள் வேலைநிறுத்தம் செய்தது. 1959 மே தேர்தலில் லீ குவான் யூவின் மக்கள் செயல் கட்சி 51 இடத்தில் 43 பிடித்தது, ஜூன் 3 முதல் உள்நாட்டு ஆட்சி. 1962 செப்டம்பரில் மலேசியாவோடு சேர்வது பற்றி வாக்கெடுப்பு. அதில் “வேண்டாம்” என்று குத்த இடமே இல்லை, மூன்றுமே எப்படிச் சேரலாம் என்ற தெரிவுகள். 71 சதவீதம் அரசு சொன்ன தெரிவுக்கு விழுந்தது, 25 சதவீதத்தினர் வெற்றுச் சீட்டுப் போட்டார்கள். 1963 செப்டம்பர் 16 மலேசியா. 1965 ஆகஸ்ட் 9 திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வானொலியில் பிரிவு.

குடியுரிமைதான் இதில் என் அக்கறை. 1957இல் சிங்கப்பூர்க் குடியுரிமைச் சட்டம் வந்தது. திருவாரூரிலிருந்து 1924இல் போய், 1935இல் தமிழ் முரசு தொடங்கிய கோ. சாரங்கபாணி, பதிவு செய்துகொள்ளுங்கள், பதிவு செய்துகொள்ளுங்கள் என்று தமிழர்களைத் துரத்தித் துரத்திச் சொன்னார். ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நினைத்த கூலிக்காரனுக்கு அது புரியவைக்க வேண்டிய விஷயமாக இருந்தது. அவர் சொல்லைக் கேட்டவர்கள் பிழைத்தார்கள். என் தாத்தா கேட்டவர். பிரிட்டிஷ் இந்தியப் பிரஜை, அப்புறம் சிங்கப்பூர்க் குடிமகன், அப்புறம் மலேசியக் குடிமகன், மறுபடி சிங்கப்பூர்க் குடிமகன். தஞ்சோங் பகாரில் அதே லயன் வீடு, அதே கட்டில்.

1963க்குப் பிறகு இந்தோனேசியா மோதல் அறிவித்து வியாபாரத்தை நிறுத்தியதையும் சொல்ல வேண்டும். ரியாவிலிருந்து தோணி வரவில்லை. நாள்கூலிக்காரனுக்கு வாரத்தில் இரண்டு நாள் வேலை. 1964இல் ஜூலையிலும் செப்டம்பரிலும் கலவரம், 36 பேர் செத்தார்கள். 1965 மார்ச்சில் மெக்டொனால்ட் ஹவுஸில் குண்டு, மூன்று பேர். ஆகவே “சுதந்திரம் கிடைத்தது” என்று கேள்வியில் இருக்கிறதே, அந்தச் சொல் இந்த ஊருக்குப் பொருந்தாது. 126க்கு 0 என்று கோலாலம்பூர் நாடாளுமன்றத்தில் வாக்களித்து வெளியே அனுப்பினார்கள். லீ குவான் யூ தொலைக்காட்சியில் அழுதார். கேட்டு வாங்கியதல்ல அது.

பிப்ரவரி 25

நேற்று எழுதியிருக்க வேண்டியது. மனசு ஆறட்டும் என்று ஒரு நாள் விட்டேன்.

அம்மா தகரப் பெட்டியை முழுசாகக் காலி செய்து, தாத்தாவின் அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்பினார். சிங்கப்பூர் சர்க்கார் 1966இல் எல்லோரையும் மறுபடி பதிந்து புது அட்டை கொடுத்தது. குடிமக்களுக்கு இளஞ்சிவப்பு. மற்ற நிரந்தரவாசிகளுக்கு நீலம்.

தாத்தாவின் அட்டை நீலம்.

அவர் குடிமகனே ஆகவில்லை. நாலு நாட்டுக் குடிமகன் என்று நான் எழுதியது முழுக்கத் தப்பு. 20ஆம் தேதி குறிப்பில் “என் தாத்தா கேட்டவர்” என்று எழுதினேன். அவர் கேட்காதவர். அம்மாவிடம் பேசினேன். “அப்பா சிங்கப்பூர் சிட்டிசன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டாங்க, நாங்களும் அப்படியே நம்பினோம்” என்றார். பாட்டி ஒரு நாளும் கப்பல் ஏறியதில்லை. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை தாத்தா வருவார், ஆறு மாதம் இருப்பார், போவார். நிலம் இங்கே, பிள்ளை இங்கே. கையெழுத்துப் போட்டுவிட்டால் ஊர் கைவிட்டுப் போய்விடும் என்று பயந்திருப்பார்.

பிப்ரவரி 26

நீல அட்டை என்று தெரிந்த பிறகுதான் அவர் 1971இல் ஏன் திரும்பினார் என்று எனக்குப் புரிகிறது. வயசாகிவிட்டது, வந்துவிட்டார் என்று நினைத்திருந்தேன். 1965க்குப் பின் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டும் என்று சட்டம் வந்தது. புது நாட்டுக்கு வேலையில்லாத் திண்டாட்டம் பெரிய பயம், அதனால் வேலை முதலில் குடிமக்களுக்கு. அதற்கு மேல் பிரிட்டிஷ் ராணுவம் 1971க்குள் தளங்களைக் காலி செய்வதாக அறிவித்தது. நாட்டு வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை நம்பி இருந்தது. செம்பவாங் கடற்படைத் தளத்திலும் துறைமுகத்திலும் வேலை பார்த்த தமிழரும் மலையாளிகளும் ஆயிரக்கணக்கில் கப்பல் ஏறினார்கள். தாத்தா ஏறியது ரஜுலா. 1926இல் கட்டிய அந்தக் கிழட்டுக் கப்பல் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

அவர் போன மறு வருஷம், 1972 ஜூனில், தஞ்சோங் பகாரில் முதல் கொள்கலக் கப்பல் வந்து நின்றது. பெட்டியைக் கிரேன் தூக்கியது. தோள் தேவைப்படவில்லை.

புது நாட்டின் முதல் வெளியுறவு அமைச்சர் ராஜரத்தினம், யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்தவர். 1966இல் தேசிய உறுதிமொழியை எழுதியவர். இனம், மொழி, மதம் பாராமல் என்று அதில் வரும். தமிழ் அங்கே ஆட்சிமொழிகள் நான்கில் ஒன்று. இதெல்லாம் எனக்கு உண்மையான பெருமை. வேலை செய்த இடத்தில் அபாயப் பலகை தமிழிலும் இருக்கும், அதைப் படிக்கும்போதெல்லாம் நெஞ்சு நிமிரும். ஆனால் அதே 1966இல் அதே சர்க்கார் என் தாத்தா கையில் நீல அட்டையைக் கொடுத்தது. ஒன்றைச் சொல்லி மற்றதை விட என்னால் ஆகாது. சர்க்கார் மேல் பழி போடவும் வரவில்லை. கதவு 1957இலிருந்து திறந்துதான் இருந்தது.

மார்ச் 2

நான் அங்கே இருந்த கடைசி வருஷம், 2017, தஞ்சோங் பகார் முனையத்திலிருந்து கப்பல்களைப் பாசிர் பாஞ்சாங்குக்கு மாற்றினார்கள். வேலி வழியாகப் பார்த்தேன். கிரேன்கள் மட்டும் நின்றன. நான் வேலை பார்த்த துவாஸ் பக்கம் கடலைத் தூர்த்துப் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்தது. பத்து மாடி உயர கான்கிரீட் பெட்டிகளை மிதக்கவிட்டு இழுத்து வந்து கடலில் அமிழ்த்துவதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் பார்ப்போம். 2022 செப்டம்பரில் அதை முறைப்படி திறந்தார்கள். துறை மேற்கே மேற்கே போய்க்கொண்டே இருக்கிறது. ஆற்றுவாய், தெலுக் ஆயர், தஞ்சோங் பகார், துவாஸ்.

என் அட்டை பச்சை, வேலை அனுமதி அட்டை. ஒப்பந்தம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறினேன்.

மார்ச் 9

முதல் கேள்வி கேட்டவர் வந்து, “சரி, நடுவில் நிறைய நடந்திருக்கிறது” என்று எழுதியிருக்கிறார். நன்றி. நீங்கள் கேட்காமல் போயிருந்தால் நான் பெட்டியைத் திறக்கச் சொல்லியிருக்க மாட்டேன், நாலு நாட்டுக் கதையையே என் பிள்ளைகளுக்கும் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போகிறேன். பெட்டியின் அடியில் பழைய நியூஸ் பேப்பருக்குக் கீழே இன்னும் ஒரு கவர் ஒட்டிக்கொண்டு இருக்கிறதாம், கிழிந்துவிடும் என்று அம்மா தொடவில்லை. தண்ணீர் தெளித்து மெதுவாக எடுக்க வேண்டும். லீக் உறுப்பினர் அட்டை உள்ளே இருக்கும் என்று நினைக்கிறேன். நாகை, தஞ்சை, கடையநல்லூர், தென்காசிப் பக்கம் யார் வீட்டிலாவது 1966 அட்டை இருந்தால், என்ன நிறம் என்று மட்டும் இங்கே எழுதுங்கள்.